உஷார்! நீங்கள் பிடித்திருப்பது ஹேண்டில்பாரையா, வெறும் ரப்பரையா?

கைலாசபுரத்தில் குடியிருப்பவர்களே, துவாக்குடி, திருவெறும்பூர், காட்டூர்ப் பக்கம் தினமும் பைக்கில் போய் வருகிறவர்களே, இன்று ராத்திரி தூங்கப் போவதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்துங்கள். இஞ்சினை அணைத்துவிட்டு, இடது பக்கக் கைப்பிடி ரப்பரை இரண்டு கையாலும் பிடித்து, ஈரத்துணி பிழிகிற மாதிரி முறுக்குங்கள். பிறகு வெளிப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். ஒரு நூல் அளவுகூட அசையக் கூடாது. அசைந்தால் நாளைக் காலை அந்த வண்டியில் ஏறாதீர்கள். பஸ்ஸில் போங்கள், பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் தொற்றிக்கொண்டு போங்கள். அதில் மட்டும் வேண்டாம்.

மிகைப்படுத்துவதாக நினைக்காதீர்கள். போன ஐப்பசி மழையில் நான் தப்பியது ஒரு லாரி நீளத்தில்.

கைப்பிடி ரப்பரை, அதாவது கிரிப்பை, மாற்றி நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பழசு வெயிலில் காய்ந்து வெடித்து, உள்ளங்கையெல்லாம் கறுப்பாக ஒட்டியது. வழியில் இருந்த ஒரு சின்னக் கடையில் நிறுத்தி, புது ஜோடி மாட்டச் சொன்னேன். ஆக்சிலேட்டர் பக்கத்து ரப்பர் உள்ளே போக மறுத்தது. கடைப் பையன் பக்கத்தில் இருந்த எண்ணெய் டப்பாவில் விரலை முக்கி ரப்பருக்குள் ஒரு சுற்றுச் சுற்றினான். "எண்ணெய் விட்டாத்தாண்ணே வழுக்கிக்கிட்டு உள்ள போகும்" என்றான். சொன்ன மாதிரியே போனது. நான் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வழுக்கிக்கொண்டு போனது, உள்ளே போன பிறகும் வழுக்கும் என்று அந்த நிமிடம் எனக்கு உறைக்கவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் தூறல். கைலாசபுரம் டவுன்ஷிப்பின் மர நிழல் சாலைகளிலிருந்து வெளியே வந்து தஞ்சாவூர் நெடுஞ்சாலையில் ஏறினால் வேறு உலகம் என்பது இங்கே ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். உள்ளே முப்பதில் போன வண்டியை அங்கே அறுபதுக்குக் கொண்டுபோக வேண்டும், இல்லையென்றால் பின்னால் வருகிற பஸ் விடாது. கணேசபுரம் தாண்டி ஒரு செங்கல் லாரியைத் தாண்ட வலது பக்கம் ஏறினேன். ஆக்சிலேட்டரை முறுக்கினேன். வண்டி ஏறவில்லை. பின்னால் பஸ் ஹாரன். இன்னும் முறுக்கினேன். உள்ளங்கைக்குள் ரப்பர் ஈர சோப்பு மாதிரி சுற்றியது. இஞ்சின் சத்தம் அப்படியே இருந்தது. லாரியின் பின் சக்கரம் என் முழங்கால் உயரத்துக்கு இடது பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது முறை பதற்றத்தில் இறுக்கிப் பிடித்து முறுக்கியபோது ரப்பர் சட்டென்று கவ்வியது. வண்டி எம்பிப் பாய்ந்தது. கையை விட்டேன், கிளட்சைப் பிடித்தேன், பிரேக்கை அழுத்தினேன், எந்த வரிசையில் என்று இப்போதும் நினைவில்லை. லாரி முன்னே போய்விட்டது. பஸ் டிரைவர் புத்திசாலி, முன்பே வேகத்தைக் குறைத்திருந்தார். ஓரத்தில் நிறுத்தி இறங்கி, வலது கையை விரித்துப் பார்த்தேன். உள்ளங்கையில் எண்ணெய் மினுங்கியது.

இப்போது சொல்லுங்கள், நான் அங்கே விழுந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? 'வாகனம் கட்டுப்பாட்டை இழந்து' என்று ஒரு வரி. 2022-ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. அதில் நூற்றுக்கு 44 பேருக்கும் மேல் இரு சக்கர வண்டியில் போனவர்கள். விபத்து எண்ணிக்கையில் அந்த ஆண்டு நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. ஹெல்மெட்டைப் பற்றிப் பேசுகிறோம், டயரைப் பற்றிப் பேசுகிறோம், பிரேக்கைப் பற்றிப் பேசுகிறோம். கை பிடித்திருக்கும் ரப்பரைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த ரப்பர் எப்படி நிற்கிறது என்று பாருங்கள். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான பைக்குகளில் ஹேண்டில்பார் 22 மில்லிமீட்டர் குழாய். இடது பக்க ரப்பர் அந்தக் குழாயின் மேல் நேராக ஏறி நிற்கிறது. வலது பக்கம் அப்படி இல்லை. குழாயின் மேல் ஒரு பிளாஸ்டிக் பைப் சுழல்கிறது. ஆக்சிலேட்டர் கேபிளை இழுப்பது அதுதான். ரப்பர் அந்தப் பைப்பின் மேல் ஏறுகிறது. ஆக, வலது ரப்பரின் ஓட்டை சுமார் 25 மில்லிமீட்டர், இடது ரப்பரின் ஓட்டை 22. இந்த மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் தெரியாமல் பிளாட்பாரக் கடையில் கலந்து கிடக்கும் ரப்பர்களில் இரண்டை எடுத்து மாட்டிவிடுகிறார்கள். வலது பக்கத்து ரப்பர் இடது பக்கம் ஏறினால் முதல் நாளிலிருந்தே ஆடும். வாங்கும்போது இரண்டு ஓட்டையையும் ஒன்றோடொன்று வைத்துப் பாருங்கள். ஒரே அளவாக இருந்தால் அது உங்கள் வண்டிக்கு இல்லை.

வலது ரப்பர் நழுவினால் வண்டி கேட்ட வேகத்தைத் தராது, கேட்காத நேரத்தில் தரும். இடது ரப்பர் நழுவுவது இன்னும் மோசம் என்பேன். அது மெதுவாக, நாளுக்கு ஒரு மில்லிமீட்டராக வெளியே ஊர்ந்து வரும். ஸ்விட்ச் பெட்டிக்கும் ரப்பருக்கும் நடுவே குழாயின் இரும்பு வெள்ளையாகத் தெரிய ஆரம்பிக்கும். பலரும் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறார்கள். வேகத்தடையில் ஏறும்போதும், பள்ளத்தில் முன் சக்கரம் இறங்கும்போதும், யூ டர்ன் அடிக்கும்போதும் உடம்பின் பாரம் முழுக்க அந்தக் கையில் விழும். அப்படி ஒரு நாள் ரப்பர் கையோடு கழன்று வரும். இடது கை வெறுங்காற்றில் போகும், வலது கை மட்டும் ஹேண்டிலை இழுக்கும், வண்டி ஒரு பக்கமாக மடங்கும். ஆடி மாதத்தில் ஸ்ரீரங்கம் போகக் காவிரிப் பாலத்தில் ஏறுகிறவர்கள் காற்றுக்கு ஹேண்டிலை எப்படி இறுக்கிப் பிடிப்பார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த இறுக்கம் முழுவதும் இந்த ரப்பரில்தான் இருக்கிறது.

இது ஏன் நழுவுகிறது? ரப்பருக்கும் குழாய்க்கும் நடுவே ஏதோ ஒன்று புகுந்துவிட்டது, அவ்வளவுதான். அதில் பாதியை நாமே புகுத்துகிறோம். வாட்டர் சர்வீஸுக்கு விட்டால் சில இடங்களில் வண்டி முழுக்க டீசல் அடிப்பார்கள். டீசல் பட்டால் ரப்பர் உப்பும், உள்ளே இளகும். ஆயுத பூஜைக்கு முதல் நாள் பாருங்கள். இங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வண்டி கழுவிச் சந்தனம் வைத்து நிற்கும். டயர் பளபளக்கப் போடுகிற அந்தப் பாலிஷை அப்படியே கைப்பிடியிலும் தேய்க்கிற பழக்கம் பரவிவிட்டது. பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதில் இருக்கும் சிலிக்கான் எண்ணெய் ரப்பரின் ஓரத்தில் கசிந்து உள்ளே போகும். சரஸ்வதிக்கும் வண்டிக்கும் பொட்டு வையுங்கள், கைப்பிடிக்கு மட்டும் பாலிஷ் வேண்டாம், கும்பிட்டுக் கேட்கிறேன். இதோடு சித்திரை வெயில் வேறு. நிழலில்லாத ஸ்டாண்டில் காலையிலிருந்து சாயங்காலம் வரை நிற்கிற வண்டியில் ரப்பர் முதலில் பிசுபிசுக்கும், பிறகு காய்ந்து வெடித்துப்போகும். ஹேண்டில்பார் முனையில் இருக்க வேண்டிய இரும்புக் குண்டு திருடுபோய்விட்டால் அந்த ஓட்டை வழியாக மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, துரு பிடித்து, துருப்பொடியின் மேல் ரப்பர் உருளும். முனை திறந்து கிடக்கும் குழாய் விழும்போது வயிற்றில் குத்தும். பந்தய விதிகளில் ஹேண்டில் முனை அடைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று கட்டாயமாகவே வைத்திருக்கிறார்கள்.

நழுவுகிறது என்று தெரிந்ததும் நம் ஆட்கள் செய்கிற வைத்தியம்தான் எனக்கு அதிகப் பயம் தருகிறது. சைக்கிள் டியூபை வெட்டி மேலே ஒரு சட்டை போடுவார்கள். உள்ளே ரப்பர் சுழலும், வெளியே டியூப் சுழலும், இரண்டு வழுக்கல். இன்சுலேஷன் டேப் சுற்றுவார்கள். நம் ஊர் வெயிலில் இரண்டே நாளில் அதன் பசை கூழாகி, அதுவே எண்ணெய் மாதிரி வேலை செய்யும். சிக்னலில் விற்கிற ஸ்பாஞ்ச் உறை வாங்கி மாட்டுவார்கள். மழையில் தண்ணீரைக் குடித்து அது தனியாகச் சுற்றும். கைப்பிடி தடிப்பதால் சின்னக் கை உள்ளவர்களுக்குப் பிரேக் லீவர் எட்டாமலும் போகும். இன்னும் சிலர் இரண்டு சொட்டு ஃபெவிக்விக் விடுவார்கள். அது காய்ந்ததும் கண்ணாடி மாதிரி இறுகும். வண்டியின் அதிர்வில் ஒரு வாரத்தில் நொறுங்கிப் பொடியாகும். ஒட்டியிருக்கிறது என்ற நம்பிக்கை மட்டும் மிஞ்சும். நம்பிக்கையோடு முறுக்குகிறவன் கை நழுவினால் தடுமாற்றம் இரண்டு மடங்கு.

சரியான வழி நம் ஊருக்குப் புதிதில்லை. பாய்லர் ஆலையை ஒட்டி வளர்ந்த ஊர் இது. 1975-ல் தொடங்கிய வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இரும்பில் வெல்டிங் பிடிக்காது, முதலில் சுத்தம் செய்யணும் என்பது இங்கே பள்ளிக்கூடப் பையனுக்கும் தெரியும். ரப்பருக்கும் அதே விதிதான். பழைய கிரிப்பை எண்ணெய் விட்டு உருவாதீர்கள், பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள். கீறும்போது ஆக்சிலேட்டர் பைப்பின் பிளாஸ்டிக்கில் ஆழமாக வெட்டிவிடக் கூடாது. குழாயில் துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்துத் துடைத்துக்கொண்டே இருங்கள், பஞ்சு வெள்ளையாக வரும் வரைக்கும். பெட்ரோல் வேண்டாம், காய்ந்த பிறகும் பிசுக்கு விடும், தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. கொரோனா காலத்தில் வாங்கி மிச்சம் இருக்கும் சானிடைசரும் வேண்டாம், கை வறளாமல் இருக்க அதில் கிளிசரின் கலந்திருக்கும். புது ரப்பரின் உட்பக்கத்தையும் அதே மாதிரி துடைக்க வேண்டும். அச்சிலிருந்து எடுக்கப் பூசிய வழுக்குப் பொருள் அதில் ஒட்டியிருக்கலாம்.

நல்ல அளவுள்ள ரப்பர், சுத்தமான குழாய், ஆல்கஹால் ஈரத்தோடு ஒரே தள்ளலில் ஏற்றி ஓர் இரவு விட்டால் போதும், ஆல்கஹால் ஆவியாகி இடது பக்கம் பல வண்டிகளில் பசையே இல்லாமல் கவ்விக்கொள்ளும். பஞ்சர் கடையில் கம்ப்ரசர் இருந்தால் காற்றை ரப்பருக்குள் அடித்துக்கொண்டே ஏற்றலாம், அதுவும் சுத்தமான வழி. பசை வேண்டும் என்றால் கிரிப்புக்கென்று விற்கும் பசை வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் செருப்புக் கடையில் சோல் ஒட்டுகிற மஞ்சள் நிற ரப்பர் பசை. மெல்லியதாக, ஒரே சீராக. ஒட்டியதும் வண்டியை எடுக்காதீர்கள். டப்பாவில் எழுதியிருக்கும் நேரம் முழுக்கக் காயட்டும். அவசரக்காரர்கள் அரை மணி நேரத்தில் எடுத்து ஓட்டி, ரப்பர் கோணலாக நின்றுபோய், திரும்ப வெட்டி எடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி சொல்வதை இரண்டு முறை படியுங்கள். வலது பக்கம் பசை போடும்போது ஒரு துளிகூட ஆக்சிலேட்டர் பைப்பின் ஓரத்தைத் தாண்டி உள்ளே போகக் கூடாது. போனால் சுழல வேண்டிய பைப் ஹேண்டில்பாரோடு ஒட்டிக்கொள்ளும். ஆக்சிலேட்டர் முறுக்கிய இடத்திலேயே நின்றுவிடும். நழுவுகிற கிரிப்பைவிட இது பத்து மடங்கு ஆபத்து. முடிந்தால் பைப்பைக் கழற்றி வெளியே வைத்து ஒட்டச் சொல்லுங்கள். மாட்டிய பிறகு, உள்பக்கம் ரப்பரின் விளிம்புக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் நடுவிலும், வெளிப்பக்கம் ரப்பருக்கும் முனைக் குண்டுக்கும் நடுவிலும் ஒன்று இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். புது ரப்பர் பழசைவிட நீளமாக இருந்தால் குண்டில் உரசும், உரசினால் ஆக்சிலேட்டர் திரும்பி வராது.

சோதனை இப்படி. இஞ்சின் அணைந்திருக்கட்டும். முழுக்க முறுக்கி, கையை விட்டுவிடுங்கள். 'டக்' என்ற சத்தத்தோடு தானே திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினாலும் தப்பு. ஹேண்டிலை இடது கோடிக்குத் திருப்பி ஒரு முறை, வலது கோடிக்குத் திருப்பி ஒரு முறை. ஆக்சிலேட்டர் கைப்பிடியின் விளிம்பில் இரண்டிலிருந்து ஆறு மில்லிமீட்டர் வரை தளர்ச்சி இருக்க வேண்டும் என்றுதான் பல வண்டிகளின் கையேடு சொல்கிறது. அதற்குப் பிறகு இஞ்சினை ஓடவிட்டு நியூட்ரலில் ஹேண்டிலைக் கோடிக்குக் கோடி திருப்பிப் பாருங்கள். சத்தம் ஏறக் கூடாது.

ஆலையில் வேலை செய்கிறவர்கள் போல்ட்டை முறுக்கி முடித்ததும் போல்ட்டிலும் பக்கத்து இரும்பிலும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுப்பார்கள். பிறகு கோடு விலகினால் போல்ட் அசைந்திருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் இருக்கிற நெயில் பாலிஷை எடுத்து கிரிப்பின் விளிம்பிலிருந்து ஸ்விட்ச் பெட்டி வரை அதே மாதிரி ஒரு கோடு போடுங்கள். இரண்டு பக்கமும். என் வண்டியில் சிவப்பில் போட்டிருக்கிறேன். தினமும் சாவி போடும்போது கண் தானாக அங்கே போகிறது. கோடு ஒரு முடி அளவு விலகினாலும் அன்றைக்கே கழற்றிப் பார்த்துவிடுகிறேன்.

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் ஓட்டுகிறவர்கள் பசையோடு நிற்பதில்லை. கிரிப்பில் உள்ள பள்ளங்களில் மெல்லிய கம்பியைச் சுற்றி முறுக்கி, முறுக்கிய நுனியைக் கை படாத பக்கமாக ரப்பருக்குள் மடக்கிவிடுவார்கள். நம் கிரிப்பிலும் அப்படிப் பள்ளம் இருந்தால் செய்யலாம், ஆனால் கம்பி பசைக்கு மேல் ஒரு துணைதான். வெறும் கட்டுக்கம்பியை மட்டும் நம்பி இறுக்கினால் ரப்பர் வெட்டுப்படும், நுனி வெளியே நின்றால் உள்ளங்கை கிழியும்.

கைலாசபுரத்துப் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972-ல் வந்த சேட்டக் ஸ்கூட்டர் இன்னும் சிலர் வீட்டு ஷெட்டில் நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை எடுத்து ஓட்டுகிறீர்கள். அதில் கியரும் இடது கைப்பிடியில்தான். ரப்பர் நழுவினால் கியர் மாறாது, நடுவில் நின்றுவிடும். ஆசையாக வைத்திருக்கும் வண்டி என்பதாலேயே பழைய ரப்பரையும் ஆசையாக வைத்திருக்காதீர்கள். புதிதாக மின்சார ஸ்கூட்டர் வாங்கியவர்களும் காதில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் கேபிள் இழுப்பதில்லை, முறுக்குவதை உணரும் கருவி இருக்கிறது. ஆனால் கை பிடிப்பது அதே ரப்பர்தான். நழுவிவிட்டுச் சட்டென்று கவ்வினால் மோட்டார், இஞ்சினைப்போல யோசிக்காது, உடனே பாயும். பிடித்து அறுக்கக் கிளட்சும் கிடையாது. முன்னால் குழந்தையை நிற்கவைத்து ஓட்டுகிறவர்கள், அந்தப் பிஞ்சுக் கை தடுமாறும்போது எதைப் பிடித்துத் தொங்கும் என்று ஒரு நிமிடம் பாருங்கள். அந்த ஆக்சிலேட்டர் ரப்பரைத்தான்.

வண்டி ஓடும்போதே ரப்பர் கைவிட்டுவிட்டால்? கியர் வண்டியாக இருந்தால் முதலில் கிளட்ச். சக்கரத்துக்கும் இஞ்சினுக்கும் உள்ள தொடர்பை அது அறுத்துவிடும், இஞ்சின் அலறினால் அலறட்டும். பிறகு வலது கட்டைவிரலால் சிவப்பு நிற கில் ஸ்விட்ச். பிறகு இரண்டு பிரேக்கும், மெதுவாக. இடது ரப்பர் கழன்று கையோடு வந்தால் அதைத் திரும்பச் சொருகப் பார்க்காதீர்கள், கீழே போட்டுவிட்டு வெறும் குழாயையே பிடியுங்கள். ஸ்கூட்டரில் கில் ஸ்விட்ச் இல்லையென்றால் சாவியை ஆஃப் வரை மட்டும் திருப்புங்கள். பதற்றத்தில் லாக் வரை போய்விட்டால் ஹேண்டில் பூட்டிக்கொள்ளும்.

போன வாரம் எங்கள் தெருவில் ஒரு அண்ணன் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். இடது கிரிப்புக்கும் ஸ்விட்ச் பெட்டிக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இரும்பு தெரிந்தது. "அண்ணே, இது எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டேன். "அது தீபாவளியிலேர்ந்து இருக்கு தம்பி, அப்பப்ப உள்ள தள்ளிவிட்டுக்குவேன்" என்று சொல்லி, உள்ளங்கையால் அடித்து உள்ளே தள்ளியும் காட்டினார். நான் கையைப் போட்டு இழுத்தேன். ரப்பர் முழுசாக என் கையில் வந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் ஒன்றும் பேசவில்லை. சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, டிபன் கேரியரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.